வேளாங்கண்ணி வேன்ல சின்ன சிலிண்டர்: அக்கா சொல்ற டிப்ஸ்

ஆகஸ்ட் பிறந்தா போதும், சென்னை சாந்தோம் ஹை ரோட்டுலயும் பட்டினப்பாக்கத்துலயும் வேன் புக் பண்ற பேச்சு ஆரம்பிச்சிடும். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில கொடியேத்தம், செப்டம்பர் 8 மாதா திருவிழா. காவி கட்டி நடந்து போறவங்களுக்குப் பின்னாடி சாமான் வண்டி வரும். நடக்க முடியாத பெரியவங்களும் கைக்குழந்தை வெச்சிருக்கறவங்களும் டெம்போ டிராவலர்ல போவாங்க. ரெண்டு வண்டியிலயும் ஒரு அடுப்பு, ஒரு சிலிண்டர் இருக்கும். அரிசி, பருப்பு, ஊறுகாய்னு லிஸ்ட் போட்டு வாங்கற நாம, சிலிண்டரை மட்டும் "வீட்டுல இருக்கறதைத் தூக்கிப் போட்டுக்கலாம்"னு விட்டுடறோம். தங்கச்சிங்களா, வழியில நம்மள அலைய விடறது அந்த ஒரு சாமான்தான். அதனால அதைப் பத்தி மட்டும் இன்னிக்கு விலாவாரியா சொல்றேன்.

முதல்ல வீட்டு சிலிண்டரை வீட்டுலயே விடுங்க. உள்ள இருக்கற கேஸ் 14.2 கிலோ. இரும்போட சேர்த்தா 30 கிலோ பக்கம் வரும். கனத்தைக்கூட சமாளிச்சிடலாம். ஆனா அது உங்க கன்ஸ்யூமர் நம்பருக்கும் உங்க ஏரியா ஏஜென்சிக்கும் கட்டுப்பட்ட சிலிண்டர். புக்கிங் உங்க நம்பர்ல, டெலிவரி கோடு உங்க போனுக்கு, சிலிண்டர் உங்க வாசலுக்கு. கடலூர்லயோ சீர்காழியிலயோ தீர்ந்து போச்சுன்னு அங்க இருக்கற ஏஜென்சியில போய் நின்னா மாத்தித் தர மாட்டாங்க. காலி இரும்பை வேளாங்கண்ணி வரைக்கும் சுமந்துட்டுப் போய், அதே காலியோட திரும்ப வேண்டியதுதான்.

இந்த மாதிரி தேவைக்குன்னே இருக்கறது 5 கிலோ எஃப்.டி.எல். (ஃப்ரீ டிரேட் எல்.பி.ஜி.) சிலிண்டர். 2013 அக்டோபர்ல பெட்ரோல் பங்க்ல வெச்சு விக்க ஆரம்பிச்சாங்க. இண்டேன்ல அதுக்கு 'சோட்டு'ன்னு பேரு, ஹெச்.பி.யில 'அப்பு', பாரத் கேஸ்ல 'பாரத் கேஸ் மினி'. கனெக்‌ஷன் எடுக்க அட்ரஸ் ப்ரூஃப் கேக்க மாட்டாங்க, ஒரு அடையாள அட்டை போதும். நாட்டுல எந்த ஊரா இருந்தாலும், அதே கம்பெனியோட இந்த சிலிண்டரை விக்கற இடத்துல காலியைக் கொடுத்துட்டு நிறைஞ்சதை வாங்கிக்கலாம். மானியம் கிடையாது. கிலோவுக்குப் பார்த்தா வீட்டு சிலிண்டரை விட விலை கூடத்தான். அதுக்கு முகம் சுளிக்காதீங்க, வழியில கிடைக்குதுங்கறதுக்குத்தான் அந்தக் காசு.

ஆனா "அதே கம்பெனி"ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. எரிச்சல் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்கும். இண்டேன் காலியை ஹெச்.பி. ஏஜென்சியில வாங்க மாட்டாங்க, ஹெச்.பி. காலியை பாரத்ல வாங்க மாட்டாங்க. ஒரு தடவை நாங்க போனப்போ, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பங்க்ல சின்ன சிலிண்டர் போர்டு பெருசா வெச்சிருந்தாங்க. இறங்கிப் போய் கேட்டா, "காலி எடுத்துக்க மாட்டோம், புதுசா வாங்கினா தர்றோம்"னாங்க. அடுத்த ஊர்ல கம்பெனி சரியா இருந்துச்சு, ஆனா ஞாயித்துக்கிழமை. கூண்டுச் சாவி வெச்சிருந்த ஆள் லீவு. கம்பிக் கூண்டுக்குள்ள நிறைஞ்ச சிலிண்டர் வரிசையா நிக்குது, வெளிய காலியைப் பிடிச்சுக்கிட்டு நாங்க நிக்கறோம், வேன்ல கஞ்சிக்காகப் பாட்டி உட்கார்ந்திருக்காங்க. சுகர் மாத்திரை போட்டவங்களுக்கு நேரத்துக்கு சாப்பாடு வேணும்னு கூண்டுக்குப் புரியுமா?

அதனால சிலிண்டர் வாங்கறதுக்கு முன்னாடியே ரூட்டைப் பாருங்க. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம். இந்த ஊர்கள்ல எந்தக் கம்பெனி உங்களுக்கு வசதியோ அந்தக் கம்பெனி சிலிண்டரை இங்க மயிலாப்பூர்லயோ மந்தைவெளியிலயோ வாங்குங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் வழியில ரெண்டு இடத்துக்கு போன் போட்டு, "5 கிலோ எஃப்.டி.எல். நிறைஞ்சது ஸ்டாக் இருக்கா, காலி எடுத்துப்பீங்களா, ஞாயித்துக்கிழமை யாராவது இருப்பாங்களா"ன்னு கேட்டுடுங்க. "சிலிண்டர் இருக்கா"ன்னு மொட்டையா கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும், போனப்புறம்தான் வேற கதை தெரியும். திருவிழா சமயத்துல வேளாங்கண்ணிக்குள்ள போய் மாத்திக்கலாம்னு வெச்சுக்காதீங்க. அந்தக் கூட்டத்துல வேனைத் திருப்பவே இடம் இருக்காது. சந்தேகம் இருந்தா சிதம்பரத்துலயே மாத்திடுங்க.

கடையில திருப்பி அனுப்பினா, பக்கத்துல நிக்கற யாராவது ஒருத்தர் நல்ல மனசோட சொல்வார்: "அந்த அடுப்பு ரிப்பேர் கடையில ரொப்பித் தருவாங்கம்மா." போகவே போகாதீங்க. பெரிய சிலிண்டரைத் தலைகீழா கவுத்து, ஒரு டியூப் வழியா சின்னதுல கேஸ் இறக்கறது சட்டவிரோதம், அதோட உயிருக்கே ஆபத்து. எவ்வளவு ரொப்பணும்னு அங்க அளவு கிடையாது. சிலிண்டருக்குள்ள கேஸ் திரவமா இருக்கு, வெயில்ல அது விரிய மேல கொஞ்சம் காலி இடம் விட்டே ஆகணும். விளிம்பு வரைக்கும் ரொப்பின சிலிண்டரை வெயில்ல நிக்கற வேனுக்குள்ள வைக்கறதை நினைச்சுப் பாருங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம கடைகள்ல விக்கற லோக்கல் மினி சிலிண்டரும் இந்தக் கணக்குலதான் வரும். கேஸ் கிடைக்கலையா, அன்னிக்கு ஒரு வேளை ஹோட்டல் இட்லி. தப்பே இல்ல.

மாத்தும்போது அவசரப்படாம நாலு விஷயம் பாருங்க. சீல் பிரிக்காம இருக்கணும். கைப்பிடிக்குக் கீழ உள்ள தகட்டுல ஒரு எழுத்தும் ரெண்டு எண்ணும் இருக்கும், அதுதான் அடுத்த டெஸ்ட் தேதி. ஏ-ன்னா ஜனவரியிலிருந்து மார்ச், பி-ன்னா ஏப்ரல்லேர்ந்து ஜூன், சி-ன்னா ஜூலையிலேர்ந்து செப்டம்பர், டி-ன்னா கடைசி மூணு மாசம். சி 27-ன்னு இருந்தா 2027 செப்டம்பர் வரைக்கும் சரி. தேதி தாண்டியிருந்தா வேற கேளுங்க. அப்புறம் எடை. காலி சிலிண்டரோட எடை அதுலயே எழுதியிருக்கும், அதோட அஞ்சு கிலோ கூட்டினா வர்ற எடை இருக்கணும். கடையில தராசு இல்லன்னா கையில இருக்கட்டும்னு சூட்கேஸ் தூக்கி எடை பார்க்கற கொக்கித் தராசு ஒண்ணு வெச்சுக்கோங்க, ஏர்போர்ட்டுக்கு வாங்கினது இதுக்கும் உதவும். கடைசியா, மூடியைக் கழட்டி வால்வுக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கான்னு பாருங்க. நிறைய கசிவு அந்த வாஷர் இல்லாததாலயோ வெடிச்சதாலயோதான் வருது. உங்க ரெகுலேட்டரை அங்கயே மாட்டிப் பார்த்துட்டு வாங்கிட்டு வாங்க. மூடியைக் கழட்டினதும் 'உஸ்'ஸுன்னு சத்தம் வந்தா உடனே மூடியைத் திரும்பப் போட்டு, வெட்டவெளியில வெச்சுட்டு கடைக்காரரைக் கூப்பிடுங்க. கசிவுக்கான அவசர எண் 1906, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. எல்லார் போன்லயும் போட்டு வெச்சுக்கோங்க.

இண்டேன்ல ஃபைபர் மாதிரி இருக்கற காம்போசிட் சிலிண்டரும் இருக்கு. இரும்பை விடக் கனம் ரொம்பக் குறைவு, வெளிச்சத்துல பார்த்தா கேஸ் மட்டம் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா டூருக்கு அதைச் சொல்ல மாட்டேன். எல்லா ஊர்லயும் அது கிடையாது, இரும்பு சிலிண்டர் வெச்சிருக்கற கடையில அதைக் கொடுத்து மாத்த முடியாது.

லண்டன்ல இருக்கற சொந்தக்காரங்க கேரவன்ல பிரான்ஸ் போனாலும் இதே பாடுதான். பிரிட்டன்ல வாங்கின கேலர் சிலிண்டரைப் பிரான்ஸ்ல மாத்த முடியாது, அங்க கம்பெனியும் வேற, வால்வும் வேற. கேம்பிங்காஸ்னு சின்ன நீல சிலிண்டர் பல நாட்டுல மாத்தலாம், ஆனா விலை அதிகம். இங்க கேரளா 2021-ல கேரவன் டூரிசம் கொண்டு வந்து, வாகமண்ல கேரவன் பார்க்கும் வந்தாச்சு. அப்படி வண்டி வாடகைக்கு எடுத்தா, சமையல் கேஸ்லயா கரண்ட்லயா, கேஸ்னா தீர்ந்தா யார் மாத்தித் தருவாங்கன்னு முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

மாத்தற வேலையே வராம பார்த்துக்கறது இன்னும் நல்லது. வீட்டு அடுப்போட ஒரு பர்னர் முழுத் தீயில எரிஞ்சா மணிக்கு 150-லேர்ந்து 200 கிராம் கேஸ் போகும். அப்படின்னா 5 கிலோ ஒரு பர்னருக்கு 25 மணி நேரத்துக்கு மேல வரும். பத்துப் பேர் போற மூணு நாள் பயணத்துக்கு டீ, பால், கஞ்சி, ஒரு வேளை குக்கர் சாதம்னா தாராளம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்பு எல்லாம் வீட்டுலயே பண்ணி எடுத்துட்டுப் போயிடுங்க. பருப்பை ஊறப்போட்டு வெச்சா பாதி விசில் மிச்சம்.

இங்க ஒரு விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சின்ன சிலிண்டர்ல கல்யாண சமையல் மாதிரி பெரிய பர்னரை மாட்டி, விடாம எரிச்சா, கொஞ்ச நேரத்துல சிலிண்டர் வெளிப்பக்கம் வேர்த்து, சில்லுன்னு ஆயிடும், சில சமயம் வெள்ளையா பனி படியும். தீ சுருங்கிப் போகும். "தீர்ந்து போச்சு"ன்னு ஓடிப்போய் மாத்திடுவாங்க. தீர்ந்திருக்காது. திரவம் ஆவியாக வெளியிலிருந்து சூட்டை இழுக்கணும், சின்ன சிலிண்டரால அந்த வேகத்துக்கு இழுக்க முடியல, அவ்வளவுதான். அடுப்பை அணைச்சுட்டு அரை மணி நேரம் விடுங்க, பழையபடி எரியும். வெந்நீர் ஊத்தறது, சாக்கு சுத்தி சூடு காட்டறது, படுக்க வைக்கறது எதுவும் வேண்டாம். படுத்தா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள வந்து தீ குப்புன்னு எழும்பும். மிச்சம் எவ்வளவுன்னு சந்தேகமா? கொக்கித் தராசுல தூக்கிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

வேன்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஓனர்கிட்டயும் டிரைவர்கிட்டயும் சொல்லி சம்மதம் வாங்குங்க. வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழட்டி, மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி நிக்க வெச்சு, கயித்தால கட்டிடணும். கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா வண்டித் தரையிலதான் தேங்கும். அதனால வேனுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது, மழை பெஞ்சாலும் சரி. கீழ இறங்கி, காத்துக்கு மறைவா அடுப்பைச் சுத்தி மட்டும் தகடு வைங்க, சிலிண்டரை மறைக்காதீங்க. ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா டியூபே போடுங்க, அஞ்சு வருஷம் ஆனதுன்னா புதுசு மாத்துங்க. கடையிலிருந்து சிலிண்டரை ஸ்கூட்டர் காலடியில வெச்சு எடுத்துட்டு வராதீங்க. 2016 கேஸ் சிலிண்டர் விதிகள்படி டூ வீலர்ல நிறைஞ்ச சிலிண்டர் கொண்டு போகக் கூடாது. ஆட்டோ பிடிங்க.

ரயில்ல போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: சிலிண்டர் வேண்டாம், சின்னதும் வேண்டாம், பெட்டியையே நம்ம குடும்பத்துக்குன்னு புக் பண்ணியிருந்தாலும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலை, லக்னோவிலேர்ந்து கோயில் சுத்த வந்தவங்களோட சுற்றுலாப் பெட்டி மதுரையில நிறுத்தி வெச்சிருந்தப்போ தீப்பிடிச்சு ஒன்பது பேர் போயிட்டாங்க. உள்ள விதியை மீறி கேஸ் சிலிண்டர் கொண்டு வந்திருந்தாங்க. நம்மள மாதிரியே சாமி கும்பிடக் கிளம்பினவங்க. விடியக்காலையில சூடா ஏதாவது குடிக்கணும்னு நினைக்கறது யாருக்கும் இயல்புதான், அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஃபிளாஸ்க்ல வெந்நீர் வாங்கிட்டுப் போங்க, ஸ்டேஷன்ல டீ கிடைக்கும்.

திரும்பி வந்ததும் சிலிண்டரை மாடிப்படிக்குக் கீழயோ மூடின அலமாரியிலயோ தள்ளிடாதீங்க. காலின்னு நினைக்கறதுலயும் கொஞ்சம் கேஸ் இருக்கும், மூடி போட்டு காத்தோட்டமான பால்கனியில நிமிர்த்தி வைங்க. அடுத்த வருஷம் வரைக்கும் வேணாம்னு தோணினா வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுக்கலாம், கொஞ்சம் பணம் திரும்ப வரும். எவ்வளவுங்கறதை வாங்கற அன்னிக்கே கேட்டு பில்லுக்குப் பின்னாடி அவங்க கையாலயே எழுதி வாங்கிடுங்க. பில்லை ரெகுலேட்டர் பெட்டிக்குள்ளயே மடிச்சு வெச்சுட்டா தேட வேண்டியதில்ல.