சிறிய டிராக்டர் வாங்கும் முன்

இளம்பிள்ளை வட்டாரத்தில் மரவள்ளி, நிலக்கடலை பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர் சிறிய டிராக்டர் வாங்க விரும்புகின்றனர். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பார்க்கக் கூடாது. ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனே. அது எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தின் சோதனை அறிக்கையில் இத்திறனும் டீசல் செலவும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும்.

2. மரவள்ளியை 90 செ.மீ. இடைவெளியில் நட்டு இடை உழவு செய்ய எண்ணினால், டயர்களின் வெளி அகலத்தை அளந்து பார்க்கவும். அகலம் கூடினால் செடி சேதமாகும்.

3. விதைப்பு மழையில் வண்டி நின்றால் ஈரம் காத்திருக்காது. ஆகவே விலைக் குறைவைவிட விற்பனையாளரின் பணியே முக்கியம். கிளட்ச் பிளேட், பில்டர் கையிருப்பு உண்டா, மெக்கானிக் வயலுக்கே வருவாரா என்று, அவரிடம் முன்பு வாங்கிய இருவரை விசாரிக்கவும்.

4. மானியம் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் அனுமதிக்குப் பிறகே பணம் கட்டவும்.

ஆண்டில் சில நாள் உழவு மட்டுமே எனில், கடனுக்கு வாங்குவதைவிட அத்துறையின் வாடகை டிராக்டரே சிக்கனம்.