தொங்குகிற சர்வரும் கேட்டில் நிற்கிற லாரியும்

குன்றத்தூர் மலையடிவாரத்து டீக்கடையில் காலை ஐந்தரைக்கு நின்றால், ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் போகிற கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். சேக்கிழார் பிறந்த ஊர் என்பது பழைய பெருமை. இப்போது ஊர்ப் பேச்சு ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. நான் அந்த வேன்களில் ஏறுவதில்லை. உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு; போன் வந்தால் பைக்கை எடுப்பேன். வருகிற போன்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியம்தான்: "அண்ணா, சர்வர் தொங்கிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணிடவா?"

அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் நாலைந்து தப்பான நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன.

வெப் சர்வர் தொங்கினால் லாரி ஏன் நிற்க வேண்டும் என்று வெளியாள் கேட்கலாம். காரணம் அரசுத் தளங்கள். 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி, சரக்கோடு போகவேண்டிய மின்சீட்டான இ-வே பில் நாடு முழுக்கக் கட்டாயமாகியிருக்க வேண்டிய நாள். அன்றைக்கே அதன் தளம் திணறி நின்றுபோக, அரசு நாளைத் தள்ளிவைத்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1-இலும், தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு ஜூன் 2-இலும் அது வந்து சேர்ந்தது. பின்னாலேயே இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டியவர்களிடம் ஆரம்பித்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கிவிட்டது. ஆக, நாலு பிரஸ் மெஷின் வைத்திருக்கிற கம்பெனியின் சர்வர்கூட அரசுத் தளத்தோடு பேசி, எண் வாங்கி, கார் கம்பெனியின் வெண்டர் தளத்திலும் பதிந்த பிறகுதான் பிரிண்டரிலிருந்து இன்வாய்ஸ் வெளியே வரும். காகிதம் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்கமாட்டார்.

நம்பிக்கை: பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிஃப்ரெஷ் அழுத்த வேண்டும், பழையது போய்ப் புதியது வரும்.

ஒரகடத்தில் ஒரு யூனிட். காலை ஆறே முக்கால். லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. டிரைவர் பானெட் நிழலில் குந்தியிருக்கிறார். டிஸ்பாட்ச் தம்பியின் திரையில் பூட்டுச் சின்னம் இருக்கிறது, பக்கம் வெள்ளையாக இருக்கிறது, வட்டம் சுற்றுகிறது. அவர் எஃப்5-ஐ அழுத்திக்கொண்டே சொன்னார்: "குரோம்லதான்ணா தொங்குது. ஃபயர்ஃபாக்ஸ்ல லாகின் ஆவுது."

இந்தத் துப்பு இல்லாமல் இருந்தால் இன்னும் அரைமணி நேரம் தேடியிருப்பேன். ஆனால் அவர் அதை குரோமின் குற்றமாகத்தான் சொன்னார்.

சர்வரில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பாச்சி என்கிற வெப் சர்வர் மென்பொருளின் புரோசஸ்கள் எல்லாம் தூக்க நிலையில் இருந்தன. சிபியு சும்மா கிடந்தது. அதாவது எதுவும் வேலை செய்யவில்லை, எதுவும் சாகவும் இல்லை. எல்லாம் எதற்கோ காத்திருந்தன. எதற்கு என்று கேட்க லினக்ஸில் எஸ்ட்ரேஸ் என்றொரு கருவி உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற புரோசஸின் எண்ணைக் கொடுத்தால், அது அந்த நேரத்தில் கெர்னலிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வரி வரியாகக் காட்டும். முதல் எண்ணைக் கொடுத்தேன். "எஃப்லாக்" என்று ஒரே வரி வந்தது. அடைப்புக்குறி திறந்திருந்தது, மூடவில்லை; கர்சர் அங்கேயே மினுக்கிக்கொண்டிருந்தது. கேட்டாயிற்று, பதில் வரவில்லை என்று பொருள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பதினாறு புரோசஸ்கள் ஒரே கோப்பின் பூட்டுக்காக வரிசையில் நின்றன. பதினேழாவது மட்டும் வேறு ஜாதி. நொடிக்கு ஒருமுறை "டைம்அவுட்" என்று எழுதிக்கொண்டு எங்கோ வெளியே ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

கதை இதுதான். பிஎச்பி-இல் எழுதிய மென்பொருள், லாகின் ஆன ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் கோப்பு வைத்திருக்கும். ஒரு கோரிக்கை அந்தக் கோப்பைத் திறந்தால், தன் வேலை முடியும்வரை பூட்டிக்கொள்ளும். அதே பிரவுசரிலிருந்து வருகிற அடுத்த கோரிக்கை அதன் பின்னால் நிற்கவேண்டியதுதான். நீங்கள் ரிஃப்ரெஷ் அழுத்தியதும் பிரவுசர் பழையதை மறந்துவிடும், சர்வர் மறக்காது. எதையாவது திருப்பி அனுப்ப முயலும்போதுதான் கேட்டவர் போய்விட்டார் என்றே அதற்குத் தெரியும். எனவே தம்பி அழுத்திய ஒவ்வொரு எஃப்5-உம் வரிசையில் தானே தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்ட இன்னொரு ஆள். ஃபயர்ஃபாக்ஸில் வேறு செஷன், வேறு கோப்பு. அதனால் அது திறந்தது.

நம்பிக்கை: எதிர்முனை கிடைக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

பதினேழாவது புரோசஸ் தட்டிக்கொண்டிருந்த கதவு எது? நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியல் போட்டால் "சின்-சென்ட்" என்று ஒரு வரி. வணக்கம் சொல்லியாயிற்று, பதில் வணக்கம் வரவில்லை. முந்தின நாள் மாலை புது ஃபயர்வால் பெட்டி மாட்டியிருந்தார்கள். வெளியே போக அனுமதித்த முகவரிகளின் பட்டியலைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து எழுதும்போது அரசுத் தளத்தின் முகவரி விட்டுப்போயிருக்கிறது.

ஃபயர்வால் ஒரு பாக்கெட்டை இரண்டு விதமாகத் தடுக்கலாம். "போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். அப்போது நொடியில் பிழைச்செய்தி வந்துவிடும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் விழுங்கிவிடலாம். இதுதான் பாதுகாப்பானது என்று நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு அது சரி. உள்ளிருந்து வெளியே போகிற நம் சொந்த சர்வருக்கு அது வதை. அந்த சர்வரில் இருந்த லினக்ஸ் விடாமல் ஆறு முறை மறுபடி தட்டும். ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு நேரம் காத்திருக்கும். 1, 2, 4, 8, 16, 32, 64. கூட்டினால் 127 நொடி. பிறகு அந்தக் கோரிக்கை செத்து, பூட்டு விடுபட்டு, வரிசையில் அடுத்தது உள்ளே போய் அதே கதவை 127 நொடி தட்டும். பதினாறு ரிஃப்ரெஷுக்கு அரைமணி நேரத்துக்கு மேல்.

"பிஎச்பி-க்கு 30 செகண்ட் லிமிட் இருக்குல்ல, அதுவே நிறுத்திடாதா?" என்று அந்த மென்பொருளை எழுதிய பையன் போனில் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். லினக்ஸில் அந்த 30 நொடி, ஸ்கிரிப்ட் தானே ஓடுகிற நேரத்தை மட்டும்தான் எண்ணும். டேட்டாபேஸுக்காகவும் நெட்வொர்க்குக்காகவும் சும்மா காத்திருக்கிற நேரம் கணக்கில் வராது. தொங்குவது என்பதே காத்திருப்பதுதான் என்னும்போது, அந்த வரம்பு தொங்கலைப் பிடிக்கவே பிடிக்காது.

விட்டுப்போன முகவரியைச் சேர்த்தோம். வெளியே இணைய 5 நொடிக்கு மேல் ஆனால் பிழை காட்டு என்று எழுதினோம். அரசுத் தளத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே செஷன் பூட்டை விட்டுவிடச் சொல்லி ஒரு வரி. லாரி ஏழரைக்குப் போயிற்று.

நான் போவதற்குள் யாராவது அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்திருந்தால்? வரிசை கலைந்திருக்கும். லாகின் பக்கம் பளிச்சென்று திறந்திருக்கும். "சரியாயிடுச்சு" என்று டீ குடிக்கப் போயிருப்பார்கள். முதல் இன்வாய்ஸை அழுத்தியதும் மறுபடி அதே கதை. நடுவே பதினேழு சாட்சிகளும் கொலை. ரீஸ்டார்ட் பாவம் என்று சொல்லமாட்டேன். லைன் நிற்கப்போகிறது என்றால் நானே செய்வேன். அதற்குமுன் இரண்டு நிமிடம் கேட்பேன்: புரோசஸ் பட்டியல், இணைப்புப் பட்டியல், நாலைந்து எஸ்ட்ரேஸ். மூன்றையும் கோப்பில் போட்டுக்கொண்ட பிறகு தாராளமாக ரீஸ்டார்ட்.

நம்பிக்கை: ஆட்கள் போதவில்லை, புரோசஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும்.

அப்பாச்சியில் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய ஆட்களுக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய முறையில் இயல்பாக அது 256. ஒவ்வொரு கோரிக்கையும் 0.2 நொடியில் முடிந்தால் நொடிக்கு 1,280 பேரைக் கவனிக்கலாம். அதே ஆள் 127 நொடி காத்திருந்தால் நொடிக்கு இரண்டு பேர். வரம்பை 512 ஆக்கினால் நொடிக்கு நாலு பேர், அவ்வளவுதான். புரோசஸுக்கு 40 எம்பி என்று வைத்தாலும் 20 ஜிபி மெமரி போய்விடும். பிறகு உண்மையிலேயே சர்வர் படுத்துவிடும். எடைமேடை பழுதாகி லாரிகள் நிற்கும்போது யார்டைப் பெரிதாக்குகிற வேலை இது.

காத்திருக்க வைப்பதையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 2009-இல் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட ஸ்லோலோரிஸ் என்கிற நிரல், ஒரே கணினியிலிருந்து நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, கோரிக்கையை முடிக்காமல் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பாச்சியின் ஆட்கள் அத்தனை பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கோரிக்கையை இத்தனை நொடிக்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்கிற கெடுவை அப்பாச்சியில் இயக்கி வைத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

நம்பிக்கை: முகவரியில் பூட்டுச் சின்னம் போட்டதால்தான் மெதுவாகிறது. எச்டிடிபிஎஸ்-ஐ எடுத்துவிடலாம்.

இதை ஒரு முதலாளியே என்னிடம் சொன்னார், உள்ளே மட்டும் பயன்படுத்துகிற தளம்தானே என்று. 2010 ஜனவரியில் ஜிமெயில் முழுவதையும் கூகுள் எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றியது. அதற்காகத் தனி இயந்திரமோ கருவியோ வாங்கவில்லை. முன்வரிசை சர்வர்களில் மறையாக்கத்துக்கு ஆன சிபியு செலவு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அதன் பொறியாளர்களே எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த சிப்கள் மறையாக்கத்தை வன்பொருளிலேயே செய்கின்றன.

ஆனால் பூட்டு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிற ஒரு தொங்கல் உண்டு. பிரவுசர் இணைகிறது, முதல் வணக்கமும் போய்ச்சேருகிறது, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. பூட்டுச் சின்னமே வருவதில்லை. இரண்டு தொழிற்சாலைகளை இணைக்கிற விபிஎன் வழியாகப் பார்த்தால் இப்படி ஆவதுண்டு. காரணம் அளவு. முதல் வணக்கம் சின்னப் பாக்கெட். சர்வர் பதிலுக்கு அனுப்புகிற சான்றிதழ்த் தொகுப்பு மூன்று நாலு கேபி. முழு அளவு 1,500 பைட் பாக்கெட்டுகளாகக் கிளம்பும். விபிஎன் தன் உறையைப் போட்டதும் பாதையின் உயரம் குறைந்துவிடுகிறது. கன்டெய்னர் லாரி தாழ்வான ரயில்வே பாலத்தடியில் மாட்டிக்கொள்கிற மாதிரி பாக்கெட் நடுவழியில் விழும். "சின்னதாக அனுப்பு" என்று வழியில் உள்ள ரவுட்டர் சொல்லத்தான் செய்கிறது. அந்தச் செய்தி ஐசிஎம்பி வழியாக வரும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி மொத்தத்தையும் ஃபயர்வாலில் அடைத்துவைத்திருப்பார்கள். பிங் வேண்டாம் என்றால் பிங்கை மட்டும் அடையுங்கள்.

சான்றிதழ் காலாவதியானால் சர்வர் தொங்கும் என்பதும் கேட்டிருக்கிறேன். தொங்காது, பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கும். பழைய காலத்து உண்மை ஒன்றும் உண்டு: மறையாக்கத்துக்குத் தேவையான ரேண்டம் எண்கள் தீர்ந்துபோய் அப்பாச்சி கிளம்பும்போதே நின்றுவிடும் என்பார்கள். அப்போது அது நடந்தது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-க்குப் பிறகு, இயந்திரம் எழுந்து முதல் தடவை எண்கள் சேர்ந்துவிட்டால் அந்த எண்கள் வருகிற வழி மறுபடி அடைபடுவதில்லை.

நம்பிக்கை: கில் -9 கொடுத்தால் எதுவும் செத்துவிடும்.

புரோசஸ் பட்டியலில் நிலை என்கிற பத்தியில் "டி" என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் வட்டிலிருந்து பதில் வருவதற்காகக் கெர்னலுக்குள்ளேயே உறைந்திருக்கிற நிலை அது. கில் -9 போய்ச்சேரும். ஆனால் புரோசஸ் கண் விழித்தால்தான் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும். இந்த உறைந்தவர்களையும் சேர்த்துத்தான் லினக்ஸ் லோடு ஆவரேஜ் போடுகிறது. அதனால் லோடு 80, சிபியு காலி என்று விசித்திரமாகக் காட்டும். பார்த்தவுடன் பெரிய சிபியு வாங்க விலைப்புள்ளி கேட்காதீர்கள். வட்டைப் பாருங்கள். "இசட்" என்றிருந்தால் அது ஏற்கெனவே செத்தது. மெமரி எதுவும் எடுக்காது. பெற்ற புரோசஸ் வந்து கணக்கை முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் அந்த ஒரகடம் யூனிட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. தம்பி ஃபயர்ஃபாக்ஸில் இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் குரோம் இல்லையா என்று கேட்டேன்.

"அது தொங்கும்ணா" என்றார்.