ஒலியால் இடமறியும் மூளை

திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டில் ‘காந்தாரி’ என்னும் பயிற்சி நிறுவனம் தொடங்கப் பெற்றது. பெயர் இதிகாச அரசியை நினைவூட்டினும், நிறுவியோர் கருதியது கேரளத்தின் காரமான சிறு மிளகாயையே. அவ்விருவருள் ஒருவரான சப்ரியே டென்பெர்கென் இளவயதில் பார்வை இழந்தவர். திபெத்திய மொழிக்குப் பிரெயில் எழுத்தை வகுத்தவர்.

இவரைப் போன்றோர் கோலின் ஓசையைத் துணைக்கொண்டு நடமாடுவதைக் காண்போர், கண் போனால் காது கூர்மையாகும் என்பர். இது பாதி உண்மையே. மெல்லொலியைக் கேட்பதில் பார்வையற்றோர் பொதுவாகப் பிறரினும் மிக்கவர் அல்லர். வேறுபாடு காதில் இல்லை, மூளையில் உள்ளது.

கண் அனுப்பும் செய்திகளை ஏற்பது மூளையின் பின்பகுதி. செய்தி வாராதபோது அப்பகுதி வாளா இருப்பதில்லை. 2011இல் கனடாவில், நாவினால் சொடுக்கொலி எழுப்பி, எதிரொலியால் பொருள்களை அறியும் பார்வையற்றோர் இருவரின் மூளை ஆராயப்பட்டது. எதிரொலி உள்ள பதிவையும், அது மட்டும் நீக்கப்பட்ட பதிவையும் அவர்கள் கேட்டனர். செவிக்குரிய பகுதியில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பார்வைக்குரிய பகுதியிலோ எதிரொலி உள்ளபோது செயற்பாடு மிகுந்தது. இருவருள் மழலைப் பருவத்திலேயே பார்வை இழந்தவரிடம் இது வலுவாக இருந்தது.

முன்னாளில் இவ்வாற்றலை முகத்தின் தோலுணர்வு என்றே கருதினர். 1944இல் வெளியான அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு அதனை மறுத்தது. சுவரை நோக்கி நடந்தோரின் காதுகளை அடைத்ததும், அவர்கள் சுவரில் மோதினர்.

இது பிறவி வரமும் அன்று. 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், பத்து வாரப் பயிற்சியால் பார்வையற்றோர் மட்டுமன்றிப் பார்வையுள்ளோரும் இத்திறனில் முன்னேறினர். எழுபது வயதைக் கடந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே, வழுதக்காட்டு அரசுப் பள்ளி போன்ற பார்வையற்றோர் பள்ளிகளில் செவிப் பயிற்சி, பிரெயிலுக்கு இணையான பாடமாகத் தக்கது.

பயின்ற செவிக்குத் தெருவும் இடந்தர வேண்டும். கிழக்கேகோட்டையில் ஒலிப்பான்களின் இரைச்சல் எழும்போது கோலின் ஓசையும் எதிரொலியும் மறைந்துவிடும். நேர்மாறான இடரும் உண்டு. நகரில் 2022இல் ஓடத் தொடங்கிய மின்பேருந்துகள் புகை கக்குவதில்லை. ஆயின் மெல்ல வரும் மின்வண்டியைச் செவி அறிவது அரிது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை அத்தகைய வண்டிகள் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய மாதிரிகளுக்கு விதித்தது. பேருந்து வாங்கும் துறையினர் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதனையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.