ஆள் தெரிவு: கங்காணி முதல் கணிப்பொறி வரை

ஒரு வேலைக்கு வேண்டிய ஆளைத் தெரிந்தெடுக்கும் பணி நெடுங்காலமாக மனிதர் கையிலேயே இருந்துவந்தது. அண்மைக்காலத்தில் அதன் ஒரு பகுதி, செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணிப்பொறி முறையிடம் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. விண்ணப்பங்களைப் படித்து வரிசைப்படுத்தல், நேர்முகத் தேர்வில் பதிவான பேச்சை எழுத்தாக்கி மதிப்பிடுதல் முதலியன அப்பகுதியைச் சேர்ந்தவை. மனிதரை முன்வைத்து ஆள் சேர்க்க விரும்பும் அதிகாரி இக்கருவியை எங்ஙனம் கையாளுதல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயப்படும். இதற்குப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறம் பொருத்தமான களமாகும். ஆட்சேர்ப்பின் நன்மை தீமை இரண்டையும் அப்பகுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்து அறிந்துள்ளது.

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் நெல்லியாம்பதியிலும் தோட்டங்கள் எழுந்த காலத்தில், தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஆட்களைக் கொணர்ந்தவர் கங்காணி ஆவார். தோட்டத்தாரிடம் முன்பணம் பெற்று, அதனை ஊரிலுள்ள குடும்பங்களுக்குக் கொடுத்து, அவர்களை மலைக்கு அழைத்துச் சென்றார். வேலைக்கு வந்த ஆட்களின் கணக்கிற்கேற்ப அவருக்குத் தரகு கிடைத்தது. கண்காணிப்பவர் என்பதே அப்பெயரின் பொருள். யாருடைய மகன் யார், எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் உழைக்கத்தக்கவர், எவருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆளை அறிந்திருத்தல் என்ற ஒன்றை மட்டும் நோக்கின், இன்றைய எந்த அதிகாரியும் அவருக்கு ஈடாகமாட்டார்.

ஆயினும் அவ்வறிவு தொழிலாளிக்கு உதவியதைவிட அவரைப் பிணித்ததே மிகுதி. முன்பணம் தீராக் கடனாயிற்று. கடன் தீராதவரை ஆள் வெளியேற இயலவில்லை. இலங்கைத் தோட்டங்களில் இக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டே ஆளைக் கைமாற்றும் கருவியாயிற்று. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே, இயந்திரத்தை அகற்றி மனிதரை அமர்த்துவதனாலேயே நியாயம் வந்துவிடும் என்று கருதுதல் பிழை. தெரிவு செய்பவருக்குத் தெரிவினால் கிடைக்கும் ஆதாயம் என்ன, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பனவே முதலிற் கேட்கத்தக்க வினாக்கள்.

விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு 1931-இல் தந்த அறிக்கை இக்குறையைத் தொட்டது. ஆலைகளில் ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து நீக்கி, அதற்கெனத் தனித் தொழிலாளர் அதிகாரியை நியமிக்குமாறு அது பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்குக் குறையாத ஆலைகளிலும், 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேருக்குக் குறையாத தோட்டங்களிலும் நல அதிகாரி வேண்டும் என விதித்தன. கங்காணி முறையும் பின்னர் மறைந்தது.

இனிக் கணிப்பொறியின் செயலை நோக்குவோம். அது பழைய பதிவேடுகளில் எவர் எடுக்கப்பட்டனர், எவர் விலக்கப்பட்டனர் என்பதைப் பார்த்து, அவற்றினின்று விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். நாற்பது சீட்டுகள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் கற்பனையான ஒருவரின் ஊர், வயது, படிப்பு, இறங்கும் பேருந்து நிறுத்தம், வேலைத்திறன் ஆகியவற்றை எழுதுக. தன் ஊராரையே விரும்பும் ஒரு கங்காணி தெரிந்தெடுத்தவாறு முப்பது சீட்டுகளில் ‘எடுக்கப்பட்டார்’, ‘விலக்கப்பட்டார்’ எனக் குறித்து மாணவரிடம் கொடுக்க. எஞ்சிய பத்துப் பேரின் முடிவை அவர்கள் ஊகிக்கட்டும். வேலைத்திறனைவிட ஊர்ப்பெயரே ஊகத்திற்கு உதவுவதை அவர்கள் விரைவிற் கண்டுகொள்வர். பிறகு ஊர்ப்பெயரை மறைத்து மீண்டும் செய்யச் சொல்லுக. இப்பொழுது பேருந்து நிறுத்தம் ஊர்ப்பெயரின் வேலையைச் செய்துவிடும். மாணவர் எவரும் தீய எண்ணத்துடன் செயற்படவில்லை. பதிவேட்டிலிருந்த சாய்வு அவர்கள் கைவழியே வெளிப்பட்டது. இன்னொன்றையும் சுட்டுதல் நலம்: விலக்கப்பட்டவர் வேலைக்கே வராமையால், அவர் எப்படி உழைத்திருப்பார் என்ற செய்தி எந்தச் சீட்டிலும் இராது. தன் தவற்றைத் தானே அறியும் வாய்ப்பு அம்முறைக்கு இல்லை.

இது கற்பனை மட்டுமன்று. அமேசான் நிறுவனம் 2014 முதல் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கி வந்தது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை ஆடவருடையவை. மகளிர் என்னும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களைக் கருவி தாழ்த்தி மதிப்பிட்டது. திருத்தியும் நம்பிக்கை பிறவாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2018-இல் இச்செய்தி வெளியாயிற்று. கொழுந்து பறிப்போருட் பெண்களே மிகுந்த நம் மலைகளில், மேற்பார்வைப் பதவிகளின் பழைய ஏடுகளைக் கொண்டு ஒரு கருவியைப் பயிற்றினால், லயத்து வீட்டிற் பிறந்து பட்டம் பெற்ற பெண்ணின் விண்ணப்பம் எவ்விடத்தில் நிற்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளின் நிலையும் கருதத்தக்கது. அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சராசரியாக 19 பிழைகளும், கறுப்பினத்தார் பேச்சில் 35 பிழைகளும் காணப்பட்டன. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்திற் கலந்து பேசும் சித்தூர் வட்டத்து இளைஞரை, நகரப் பேச்சிற் பயின்ற கருவியிடம் ஒப்படைக்குமுன் இதனை நினைவுகூர்தல் வேண்டும். பெயரிலும் இடர் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு சான்றிதழில் முன்னும் மற்றொன்றிற் பின்னும் நிற்கும். இரு மாநில ஆவணங்களை வைத்திருப்போர்க்கு இது வழக்கமான தொல்லை. எழுத்தர் ஒருவர் நொடியிற் புரிந்துகொள்வதைக் கருவி இரு வேறு ஆட்கள் என்று கொள்ளக்கூடும்.

ஆதலின் ஆட்சேர்ப்புத் தலைவர் கருவியைப் புறக்கணிக்க வேண்டுவதில்லை. அதற்கு எல்லை வகுத்தல் வேண்டும். தேதிகளை ஒழுங்குபடுத்தல், விடுபட்ட ஆவணத்தைச் சுட்டல், நேர்முகத்திற்கு நேரம் குறித்தல் ஆகியவற்றை அதனிடம் விடலாம். விலக்கும் முடிவை ஒரு மனிதரே கையொப்பமிட்டு எடுக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே வினாக்களை ஒரே வரிசையிற் கேட்டலும், செய்யவேண்டிய வேலையையே சிறிதளவு செய்யச் சொல்லிப் பார்த்தலும் ஆள் தெரிவில் நம்பத்தக்க முறைகளாகும். ஏலத்தோட்டத்தில் முதிர்ந்த காயை மட்டும் பறித்து இளங்காயை விட்டுவைக்கும் கை, விண்ணப்பத் தாளிற் புலப்படாது. போடிமெட்டும் கம்பம்மெட்டும் கடந்து நாள்தோறும் ஜீப்பில் வரும் தொழிலாளர் பலரிடம் எழுதிய விண்ணப்பமே இராது.

புதிய முறையைப் புகுத்துமுன் தொழிலாளரைக் கேட்பதும் கடமை. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் போனஸ் கோரி வீதியில் அமர்ந்தபொழுது, தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளியே நிறுத்தினர். தம் பெயரால் பிறர் பேசியதில் அவர்களுக்கு நிறைவில்லை என்பது அன்று வெளிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், ஆளெடுப்பிற்குப் பயன்படும் செயற்கை நுண்ணறிவை மிகு இடருடையதென வகைப்படுத்தி, மனிதர் மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. நம் எல்லைப்புற அலுவலகங்கள் அத்தகைய சட்டத்திற்குக் காத்திராமலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. விலக்கப்பட்டவர்க்கு அனுப்பும் கடிதத்தில் காரணத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கருவி பயன்பட்டதா என்பதையும் குறித்து, மறு பரிசீலனைக்கு அணுகவேண்டிய அதிகாரியின் பெயரையும் அவரைச் சந்திக்கக்கூடிய நாளையும் அடியிற் சேர்க்கலாம்.