மலைவீட்டுச் சமையல் மேடைக்குச் சூடு

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் வீடு கட்டிக்கொள்ள விரும்புவோர், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் சமையல் மேடைக் கல்லில் கை வைத்ததும் விரல் விறைப்பதையும், முதல் நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாட் காலையிலும் பொங்காமல் கிடப்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நலம். மேடையின் அடிப்புறத்தில் மின்கம்பி பதித்த மெல்லிய விரிப்பை ஒட்டி, அதன் உஷ்ணத்தை மேற்பரப்புக்கு ஏற்றுவது இதற்கு மேல்நாட்டார் கண்ட உபாயம். அதை எந்தப் பலகையின்கீழ் வைப்பது என்பதுதான் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

டூபாண்ட் கம்பெனியார் 1960களில் உருவாக்கிய கோரியன் முதலிய செயற்கைப் பலகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக், மீதி பாக்ஸைட்டிலிருந்து எடுக்கும் அலுமினிய ஹைட்ராக்சைடுப் பொடி. கருங்கல் கையின் சூட்டை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால் ஜில்லென்றிருக்க, இப்பலகையோ அந்தச் சுபாவம் குறைந்ததாகையால், சூடேற்றாமலே ஓரளவு சகிக்கத்தக்கதாக இருக்கிறது. சூடேற்றினாலோ கருங்கல்லைவிட நான்கு மடங்குக்குக் குறையாமல் விரிகிறது; 3 மீட்டர் நீளப் பலகை 20 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சுவரோரம் இடைவெளி விடாத கொத்தனாரின் வேலை அப்பொழுது வெளிப்பட்டுவிடும். ஆகவே, உஷ்ணம் அதிகம் தேவைப்படுகிற கருங்கல்தான் உஷ்ணத்தை நன்கு தாங்குவதும் என்பது விசித்திரமான உண்மை.

கருங்கல்லுக்கும் ஒரு குறையுண்டு, அது சோம்பேறி. சதுரமீட்டருக்கு 100 வாட் என்ற விகிதத்தில், இழப்பை ஒதுக்கிக் கணக்கிட்டாலும், 20 மில்லிமீட்டர் கல் 15 டிகிரி ஏற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செல்லும். 12 மில்லிமீட்டர் செயற்கைப் பலகைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போதும். ஆனால் மெல்லச் சூடேறிய கல் மெல்லத்தான் ஆறும் என்பதால், மின்சாரம் நின்றுபோனாலும் மாவுக்கு நஷ்டமில்லை. மலிவாகக் கிடைக்கும் கடப்பைக் கல், சுண்ணாம்பு ஜாதியைச் சேர்ந்ததாதலின், புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுத்துத் தழும்பேறும். அதற்கு விரிப்பு வைப்பதில் எனக்கு உற்சாகமில்லை.

எந்தப் பலகையானாலும், மேடை முழுவதையும் சூடேற்றுவது வீண் ஆடம்பரம். மாவுப் பாத்திரம் வைக்கும் மூலையிலும், நின்று அரிந்து நறுக்கும் இடத்திலும் இரண்டடி அகலம் இருந்தால் தாராளம். 35 டிகிரிக்குமேல் போகாதபடி தானியங்கிக் கட்டுப்பாடும், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவியும், சூடு கீழிறங்காதபடி அடியில் தக்கையும் அவசியம். அரிசி, பருப்பு டப்பாக்களை அவ்விடத்தின் கீழ் அடுக்கலாகாது.

விறகடுப்பு எரியும் வீடானால், இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிரயோஜனம் குறைவு. அங்கே பிரதான அடுப்பின் தழல் உள்வழியாகச் சென்று, பக்கத்திலுள்ள கொடியடுப்பை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. இரவில் தணல் தணிந்தபின் அதன்மேல் மாவுப் பானையை ஏற்றிவிட்டுப் படுக்கப் போகலாம். புகைக்கு அஞ்சி எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு மட்டும், கருங்கல்லையும் இரண்டடி விரிப்பையும் சிபாரிசு செய்வேன்.