லீவு நாளில் பைக்குக்கு ஒரு மணி நேரம்

உணவு டெலிவரி, கூரியர், பைக் டாக்சி, மெடிக்கல் ரெப், நிதி நிறுவன வசூல் என்று பைக்கை நம்பிப் பிழைக்கும் தொழில்கள் கூடிக்கொண்டே போகின்றன. இந்த வேலைகளில் வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுபோகும். ஆனாலும் வண்டி கழுவுவதைப் பலரும் அழகுக்கான வேலையாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். சர்வீஸ் விடும்போது அங்கேயே வாட்டர் வாஷ் அடித்துவிடுவார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பு. கழுவும்போதுதான் வண்டியின் மூலைமுடுக்கெல்லாம் கை போகிறது. டயரில் ஏறிய ஆணி, கசியும் ஆயில், கழன்றுவரும் நட்டு எல்லாம் அப்போதுதான் தெரியும். வேறொருவர் கழுவினால் அவர் கண்ணில்தான் படும். அவர் உங்களிடம் சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வாட்டர் வாஷில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்பிலிருந்து பாயும் தண்ணீரைச் சக்கரத்தின் நடுப்பகுதியிலும் ஹேண்டிலின் கழுத்திலும் கிட்டத்தில் வைத்து அடித்தால், ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். கிரீஸ் வெளியேறி பேரிங்கில் துரு ஏறும். சில மாதம் கழித்து ஹேண்டில் திருப்பும்போது நடுவில் லேசாகச் சிக்கும். அப்போது எந்த வாஷால் வந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் சென்சார்களும் கனெக்டர்களும் பழைய வண்டிகளைவிட அதிகம். அவற்றில் ஈரம் இறங்கினால் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கும். வீட்டில் வாளியும் மக்குமாகக் கழுவினால் இந்தத் தொல்லையே இல்லை.

மதிய ஆர்டர்கள் ஓய்ந்ததும் வந்து அப்படியே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சூடான இன்ஜின் உலோகத்துக்கு அது நல்லதல்ல. ஷாம்பூவும் அங்கேயே காய்ந்து கறையாகப் பிடித்துக்கொள்ளும். சைலன்சர் கை வைக்கும் சூட்டுக்கு வரட்டும். வார லீவு நாளின் காலை, நிழலான இடம், இதுதான் தோது.

இரண்டு வாளி, கார் ஷாம்பூ, இரண்டு மைக்ரோஃபைபர் துணி, பழைய டூத்பிரஷ், மெக்கானிக் கடைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் கொஞ்சம். இவ்வளவு போதும். துணி துவைக்கும் சோப்புத் தூளும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கோடு பெயின்ட் மேலிருக்கும் பாலீஷையும் சேர்த்து எடுத்துவிடும்.

முதலில் சைலன்சர் வாயை ஒரு பாலிதீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஊறவிடுங்கள். டேங்க் மேல் இருப்பது தூசி அல்ல, மணல். காய்ந்த நிலையில் தேய்த்தால் கோடு விழும். காக்கை எச்சத்தையும் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் போட்டுச் சற்று நேரம் விட்டால் தானே இளகிவரும். ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றதில் துணி அலசும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் வேறு துணி.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, விளிம்பைச் சுற்றி ஈரத்துணியால் துடையுங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். அது மண்ணால் அடைபட்டால், தேங்கும் மழைத் தண்ணீர் தேய்ந்த ரப்பர் வழியாக டேங்குக்குள் கசியும். இப்போது நாம் போடுவது எத்தனால் கலந்த பெட்ரோல். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் போய் நிற்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது செயின். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கியரில் போட்டு ஓடவிட்டுத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். விரல் போன பிறகு டெலிவரி ஏது? பழைய பிசுக்கைச் செயின் கிளீனர் அல்லது மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் எடுங்கள். பெட்ரோல் வேண்டாம். அது தீப்பிடிக்கும், செயினுக்குள் ஓ-ரிங் இருந்தால் அதையும் கெடுக்கும். நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் லூப் அடியுங்கள், செயினின் உள்பக்கம் பார்த்து. சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த புழுதியை அதுவே வாரி இழுக்கும்.

ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் என்பது பொதுவான வழக்கம். எப்போதாவது வண்டி எடுப்பவருக்கு அது மாதக்கணக்கு. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஐந்தே நாள். அதனால் தேதியைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். முழுமூடி போட்ட செயின் என்றால் ரப்பர் அடைப்பானைக் கழற்றித் தொய்வைப் பாருங்கள். எவ்வளவு தொய்வு இருக்கலாம் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். ஸ்கூட்டர்காரர்களுக்குச் செயின் கவலை இல்லை. பெல்ட் மூடியின் காற்றுத் துளைகளில் தண்ணீர் அடிக்காமல் இருந்தால் சரி.

பிரேக் டிஸ்க்கில் பாலீஷ், லூப், எண்ணெய் எதுவும் படக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் பாலீஷ் போடுவது உங்கள் விருப்பம். தரையில் படும் பாகத்தில் போட்டால் முதல் வளைவிலேயே வழுக்கும். அலசி முடித்ததும் உடனே துடையுங்கள். போர் தண்ணீராக இருந்தால் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். சைலன்சர் பையை எடுத்து, சில நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். தெருமுனை வரை மெதுவாகப் போய் இரண்டு பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். டிரம் பிரேக் ஈரம் காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

டெலிவரி பையை மறக்காதீர்கள். உள்ளே கொட்டிய சாம்பார் வாடை அடுத்த வீட்டுப் பிரியாணியோடு சேர்ந்து போகும், ரேட்டிங்கில் ஒரு நட்சத்திரம் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, திறந்தபடி வெயிலில் வையுங்கள்.

கை பழகியவர்கள் அடுக்ககங்களில் வீட்டு வாசலிலேயே பைக் கழுவித் தரும் வேலையையும் பகுதிநேரமாக எடுக்கலாம். முதலீடு மிகக் குறைவு. தொடங்கும் முன் வண்டியின் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவராது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் லீவு நாள் வரை காத்திருக்க முடியாது. தேங்கிய தண்ணீரில் ஓட்டி வந்த அன்றே வெறும் தண்ணீரால் சேற்றை அலசி, செயினுக்கு லூப் போடுங்கள். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கும் உப்புப் படிவதால் இதே வழக்கம் நல்லது. வெள்ளத்தில் இன்ஜின் மூழ்கி நின்றுபோன வண்டி என்றால் செல்ஃபைத் தொடாதீர்கள், கிக்கரையும் உதைக்காதீர்கள். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. ஆயிலை முழுக்க வடித்து மாற்றி, ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.