லூப் உள்ளே, பெடல் வெளியே: தம்பிக்கு அக்கா டிப்ஸ்

டேய் தம்பி, ஐபேட்ல லூப் போட ஆரம்பிச்சதும், அதை வெளியே ஒரு எஃபெக்ட் பெடல் வழியா அனுப்பிப் பார்க்கணும்னு பெடல் கடைக்கு ஓடாதே. முதல்ல ஆடியோ இன்டர்ஃபேஸோட பின்பக்கத்தைப் பாரு. ரெண்டு அவுட்புட்தான் இருக்குன்னா அது ஸ்பீக்கருக்கே சரியாப் போயிடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 மாதிரி நாலு அவுட்புட் உள்ளது வாங்கு. 1, 2 ஸ்பீக்கருக்கு, 3 பெடலுக்கு, பெடல்லேர்ந்து திரும்பி வர்றது ஒரு இன்புட்டுக்கு. ஐபேட் யூஎஸ்பி-சி மாடல்னா சார்ஜும் ஏறுற மாதிரி ஹப் எடு, பாதிப் பாட்டுல பேட்டரி போனா கடுப்பா இருக்கும்.

ஆப் லூப்பி ப்ரோவோ ஏயூஎம்மோ, எதுலயும் வேலை ஒண்ணுதான்: லூப்பை 3-க்கு அனுப்பு, திரும்பி வர்றதுக்குத் தனி சேனல் வை. அந்தச் சேனலை மட்டும் மறுபடி 3-க்கு அனுப்பிடாதே. பெடலுக்குப் போனதே திரும்பத் திரும்பப் போய், காது கிழியிற மாதிரி ஊளையிடும். முதல் தடவை ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு ஆன் பண்ணு. ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் ரெண்டு டேப் மெஷினை வெச்சு இதே சுத்தை வேணும்னே சுத்த விட்டு, 1973-ல ஒரு ஆல்பமே போட்டாங்க. ஆனா அவங்க கை எப்பவும் வால்யூம் மேலயே இருந்திருக்கும், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இன்டர்ஃபேஸ்லேர்ந்து வர்ற லெவல் கிட்டார் பெடலுக்கு ரொம்ப அதிகம். ஆப்ல 3-ஐ நல்லாக் குறைச்சு ஆரம்பிச்சு, மெதுவா ஏத்து. அப்பவும் இரைச்சல் வந்தா, லெவலைப் பெடலுக்கு ஏத்தபடி மாத்துற ரீஆம்ப் பாக்ஸ் ஒண்ணு வாங்கிக்கலாம்.

ரிவெர்ப், டிலே பெடல்னா மிக்ஸ் குமிழை முழுசா எஃபெக்ட் பக்கம் திருப்பிடு. இல்லைன்னா வெறும் சத்தமும் வெளியே போய்ச் சுத்தி, சில மில்லிசெகண்ட் லேட்டா வந்து உள்ளே இருக்கிறதோட மோதும். டிரம்ஸ் குழாய்க்குள்ள அடிக்கிற மாதிரி கேக்கும். டிஸ்டார்ஷன்னா கதை வேற. லூப்போட நேர்ச் சத்தத்தை ம்யூட் பண்ணிட்டு, திரும்பி வர்றதை மட்டும் கேளு. லேட் எவ்வளவுன்னு கேட்டா, பஃபர் 128, 48 கிலோஹெர்ட்ஸ்னா ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட், போக வர இன்னும் கூடும். பெடலை பைபாஸ்ல வெச்சு ஒரு கிளிக் சத்தத்தை அனுப்பி, திரும்பி வர்றதை ரெக்கார்ட் பண்ணு. வேவ்ஃபார்ம்ல எவ்வளவு தள்ளி விழுதோ, அந்த அளவு லூப்பை முன்னாடி இழுத்தாப் போதும்.

இப்போ நிறைய பேர் கோட்டை விடுற இடம். 90 பிபிஎம்ல நாலு பார் லூப் 10.67 செகண்ட். பெடல் வழியா அதை அனுப்பி, முதல் சுத்துலயே ரெக்கார்ட் பண்ணினா, ஆரம்பத்துல எஃபெக்ட் இருக்காது, கடைசியில ரிவெர்ப் டக்குன்னு அறுந்துடும். ஒரு சுத்து சும்மா ஓட விடு, ரெண்டாவது சுத்தை ரெக்கார்ட் பண்ணு. முதல் சுத்தோட வால் ரெண்டாவதோட தலையில விழும், ஒட்டு எங்கேன்னே தெரியாது. டிலே நேரத்துக்கு 60,000-ஐ பிபிஎம்மால வகுத்துக்கோ: 90-க்கு 667 மில்லிசெகண்ட். அதுல முக்கால் பங்கு 500. கிட்டார்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு அது.

ஈக்யூ, கம்ப்ரஸருக்கெல்லாம் வெளியே போகாதே, ஆப்லயே நல்லதா இருக்கு. பெடல் வாங்குறதே ரெக்கார்ட் ஆகும்போது குமிழைக் கையால திருகத்தான். நல்லா திருகு. திருகின நிலையை மறக்காம போட்டோ எடு, அதே சத்தம் மறுபடி வர்றது கஷ்டம். எஃபெக்ட் ஏறினது தனி லூப்பா இருக்கட்டும்; ஏறாத லூப்பை அழிச்சுடாதே, வேற பெடல் வாங்கினதும் அதைத்தான் தேடுவே.